தீயடைப்பு

தீயடைப்பு என்பது, கட்டிடங்களின் சுவர்களிலும் தளங்களிலும் மின்வடங்கள், குழாய்கள், காற்றுக் குழல்கள் முதலியன ஊடுருவிச் செல்வதற்காக விடப்படும் திறப்புகளைத் தீயும் புகையும் கடவாதபடி மூடும் பொருட்களையும், அவற்றைப் பொருத்தும் முறையையும் குறிக்கும். கட்டிடக் கூறுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் உள்ள இடைவெளிகளை மூடுவதும் இதில் அடங்கும். இந்தியத் தொழிற்துறையில் இது பெரும்பாலும் 'ஃபயர் ஸ்டாப்' அல்லது 'ஃபயர் சீலிங்' என்ற பெயராலேயே அறியப்படுகின்றது.

தீயணைப்பான், நீர்த்தெளிப்பான், புகை உணர்கருவி ஆகியவை தீ ஏற்பட்ட பின்னர் இயங்குபவை. தீயடைப்பு அவ்வாறு இயங்குவதில்லை. தீத்தடுப்புச் சுவர், தீக்கதவு ஆகியவற்றைப் போல அது கட்டிடத்தின் ஒரு பகுதியாகவே இருந்து, தீயைத் தோன்றிய இடத்திலேயே குறிப்பிட்ட நேரம் அடைத்து வைக்கின்றது. உள்ளே இருப்போர் வெளியேறுவதற்கும் தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்வதற்கும் தேவையான நேரம் இதனாலேயே கிடைக்கின்றது.

தேவை

பெரிய கட்டிடங்களைப் பல தீப்பகுதிகளாகப் பிரித்துக் கட்டுவது வழக்கம். ஒவ்வொரு பகுதியைச் சுற்றியும் உள்ள சுவரும் தளமும் ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம் என வரையறுக்கப்பட்ட காலம் தீயைத் தாங்க வேண்டும். ஆயினும் எந்தக் கட்டிடத்திலும் இச்சுவர்கள் முழுமையாக மூடியவை அல்ல. மின்சாரம், நீர், கழிவுநீர், குளிர்காற்று, தொலைபேசி, கணினி வலையமைப்பு ஆகிய அனைத்தும் அவற்றைத் துளைத்தே செல்கின்றன.

எடுத்துக்காட்டாக, 10 செ.மீ. விட்டமுள்ள துளை ஒன்றில் 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு மின்வடம் மட்டும் சென்றால், அத்துளையின் பரப்பில் ஏறத்தாழ 96 விழுக்காடு வெறுமையாகவே இருக்கும். தீ ஏற்பட்ட அறையில் சூடாகும் காற்று விரிவடைந்து அழுத்தம் கூடுவதால், புகை இத்தகைய துளைகள் வழியாக அடுத்த அறைக்குத் தள்ளப்படுகின்றது. துளை தளத்தில் இருந்தால் நிலைமை மேலும் மோசமாகும். மாடிக்கு மாடி ஒரே நேர்கோட்டில் அமையும் துளைகள் ஒரு புகைபோக்கியைப் போலச் செயற்படும். அதனுள் புகை, படிக்கட்டில் ஏறும் மனிதரைவிட வேகமாக மேலேறும். கட்டிடத் தீவிபத்துகளில் இறப்போரில் பலர் தீச்சுவாலையால் அன்றி, கார்பன் மோனாக்சைடு கலந்த புகையாலேயே இறக்கின்றனர். தீ எரியும் மாடியிலிருந்து வெகு தொலைவில் இருப்போரும் இதற்கு விலக்கு அல்லர்.

மின்வடங்கள் புகைக்கு வழிவிடுவது மட்டுமன்றித் தாமே எரிபொருளாகவும் அமைகின்றன. அவற்றின் மேலுறையான பி.வி.சி. எரியும்போது கரும்புகையும் ஐதரசன் குளோரைடு வளிமமும் வெளியாகின்றன. மின்வடங்களைத் தாங்கும் தட்டுகளில் அவை அடுக்கடுக்காகக் கிடப்பதால், ஓரிடத்தில் பற்றிய தீ வடத்தின் வழியே ஓடிச் சுவரின் மறுபுறத்தை அடைந்துவிடும்.

திறப்புகளின் வகைகள்

தீயடைப்புத் தேவைப்படும் திறப்புகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

* ஊடுருவல் திறப்புகள்: மின்வடங்களும் குழாய்களும் சுவரின் ஒரு புறத்தில் நுழைந்து மறுபுறத்தில் வெளியேறும் துளைகள்.
* செங்குத்துச் செல்வழிகள்: மாடிகளுக்கு இடையே மின்வடங்களும் குழாய்களும் செல்லும் கிணறு போன்ற வெற்றிடங்கள். கட்டிடத் தொழிலாளர்கள் இவற்றை 'ஷாஃப்ட்' அல்லது 'டக்ட்' என்பர்.
* இணைப்பு இடைவெளிகள்: சுவரின் உச்சிக்கும் மேல்தளத்துக்கும் இடையிலும், விரிவு இணைப்புகளிலும் உள்ள நீண்ட இடைவெளிகள். கட்டிடம் வெப்பத்தாலும் அதிர்வாலும் அசைவதால் இவற்றை அடைக்கும் பொருளும் நெகிழக்கூடியதாக இருத்தல் வேண்டும்.
* விளிம்பு இடைவெளிகள்: கண்ணாடி முகப்புக் கொண்ட கட்டிடங்களில், தளத்தின் விளிம்புக்கும் முகப்புக்கும் இடையே எல்லா மாடிகளிலும் அமையும் சந்துகள்.
* வெற்றுத் துளைகள்: பிற்காலத் தேவைக்கென விடப்பட்டவையும், பழைய குழாயோ வடமோ அகற்றப்பட்ட பின் மூடப்படாதவையும். இவற்றினுள் எதுவும் செல்லாததால் எவர் கவனத்துக்கும் எளிதில் வருவதில்லை.

பொருட்கள்

எல்லாத் திறப்புக்கும் பொருந்தும் ஒரே பொருள் இல்லை. துளையின் அளவு, அதனூடு செல்லும் பொருள், அசைவு, ஈரம், பின்னர் மீண்டும் திறக்க வேண்டிய தேவை ஆகியவற்றைக் கொண்டே பொருள் தெரிவு செய்யப்படுகின்றது.

சாந்துகள்

சிமெந்து அல்லது ஜிப்சத்துடன் எடை குறைந்த கனிமத் துகள்களைக் கலந்து செய்யப்படுபவை. பெரிய திறப்புகளுக்கு ஏற்றவை, உறுதியானவை. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படிக நீராகும். தீயில் அந்நீர் ஆவியாகி வெளியேறும் வரை பெருமளவு வெப்பம் உறிஞ்சப்படுவதால், மறுபுறம் சூடேறுவது தாமதமாகின்றது. இறுகிய சாந்தை உடைத்தே புதிய வடம் இழுக்க முடியும் என்பது இதன் குறையாகும்.

கனிமக் கம்பளி

பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யப்படும் பாறைக் கம்பளி ('ராக் வுல்') ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கக்கூடியது. பார்வைக்கு அதைப் போன்றே தோன்றும் கண்ணாடிக் கம்பளி அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே இளகிச் சுருங்கிவிடும். எனவே ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது. பாறைக் கம்பளி தீயைத் தடுத்தாலும் புகையைக் கசியவிடும். அதனால் அதன் இரு முகங்களிலும் தீத்தடுப்புப் பூச்சு பூசப்படுகின்றது.

உப்பும் பொருட்கள்

வெப்பம் பட்டதும் பல மடங்கு உப்பி, துளையைத் தாமே நிறைக்கும் பொருட்கள் இவை. இவற்றுள் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. முதலாவதில் அமோனியம் பாலிபாஸ்பேட்டு, பென்டாஎரித்ரிட்டால், மெலமைன் ஆகிய மூன்றும் சேர்க்கப்படுகின்றன. வெப்பத்தில் முதலாவது அமிலத்தைத் தருகின்றது. அவ்வமிலம் இரண்டாவதைக் கரியாக்குகின்றது. மூன்றாவதிலிருந்து எழும் வளிமம் அக்கரியை நுரைபோல் உப்பச் செய்கின்றது. மற்றைய முறையில் விரியும் கிராபைட்டு பயன்படுகின்றது. கிராபைட்டுச் செதில்களின் அடுக்குகளுக்கிடையே கந்தக அமிலம் போன்ற சேர்மங்கள் புகுத்தப்படுகின்றன. ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் அவை வளிமமாகி அடுக்குகளைப் பிரித்துத் தள்ள, செதில் புழுப்போல் நீண்டு விரிகின்றது.

நெகிழிக் குழாய்களுக்கு உப்பும் பொருட்கள் இன்றியமையாதவை. பி.வி.சி. குழாய் தீயில் இளகி உருகிப் போவதால், அதைச் சுற்றிப் பூசிய சாந்து எவ்வளவு நன்றாக இருப்பினும், குழாய் இருந்த இடத்தில் ஒரு முழுத் துளை உருவாகிவிடும். இதற்கென உட்புறம் உப்பும் பட்டை வைத்த உலோகக் கழுத்துப்பட்டைகள் குழாயைச் சுற்றிப் பொருத்தப்படுகின்றன. குழாய் இளகும்போது பட்டை உப்பி அதை நெரித்து மூடிவிடுகின்றது. சுவராயின் இரு புறத்திலும், தளமாயின் அடிப்புறத்திலும் இவை பொருத்தப்படுவது பொது வழக்கம்.

பசைகளும் பூச்சுகளும்

அக்ரிலிக், சிலிக்கோன் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பசைகள் குறுகிய சந்துகளை மூடப் பயன்படுகின்றன. அசைவும் ஈரமும் உள்ள இடங்களுக்குச் சிலிக்கோன் ஏற்றது. நீர் கலந்த அக்ரிலிக் பசை மேலே வண்ணம் பூச ஏற்றது. ஆனால் காய்வதற்குள் நீர் பட்டால் கரைந்து போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூரை முடியாத கட்டிடங்களில் இதைக் கையாளும்போது கவனம் தேவை. மின்வடங்களின் மீது பூசப்படும் சில பூச்சுகளில் அலுமினியம் ஐதராக்சைடு சேர்க்கப்படுகின்றது. இதுவும் ஜிப்சத்தைப் போல வெப்பத்தில் நீரை வெளியிட்டுக் குளிர்விக்கின்றது.

தலையணைகளும் கட்டைகளும்

உப்பும் பொருள் அடைத்த துணிப்பைகள், நெகிழ்வான செங்கல் போன்ற கட்டைகள் ஆகியவற்றைத் துளையில் அடுக்கி வைக்கலாம். புதிய வடம் இழுக்கும்போது எடுத்துவிட்டு மீண்டும் அடுக்க முடிவதால், அடிக்கடி மாற்றம் காணும் தொழிற்சாலைகளுக்கும் கணினி அறைகளுக்கும் இவை பொருத்தமானவை. விலை கூடுதல் என்பதும், எடுத்தவர் திரும்ப வைக்க மறப்பதும் இவற்றின் குறைகளாகும்.

தமிழ்நாட்டுக் கனிமங்கள்

தீயடைப்புக்கு அடிப்படையான கனிமங்கள் சில தமிழ்நாட்டிலேயே கிடைக்கின்றன. திருப்பத்தூர் பகுதியில் உள்ள சேவாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் வெர்மிகுலைட்டு எடுத்து வந்துள்ளது. அபிரகத்தை ஒத்த இக்கனிமத்தைச் சூடாக்கினால் அதன் அடுக்குகளிடையே உள்ள நீர் ஆவியாகிப் பல மடங்கு விரியும். அவ்வாறு விரிந்த துகள்கள் எடை குறைந்த சாந்துகளிலும் பலகைகளிலும் சேர்க்கப்படுகின்றன. சிவகங்கையில் அதே நிறுவனம் எடுக்கும் கிராபைட்டு செதில் வகையைச் சேர்ந்தது. விரியும் கிராபைட்டு செய்வதற்குச் செதில் வகையே வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைவிக்கும்போது துணைப்பொருளாகக் கடல் ஜிப்சம் கிடைக்கின்றது.

தகாத பொருட்கள்

கதவு, சன்னல் சட்டங்களைச் சுற்றி அடிக்கப்படும் சாதாரண பாலியூரித்தேன் நுரை, தெர்மோகோல், சாக்குத்துணி, காகிதம், மரத்துண்டு ஆகியவை துளையை மூடியதுபோல் தோன்றச் செய்யும். ஆனால் அவையே எரிபொருள் ஆகும். தீத்தடுப்புத் தன்மை கொண்ட பாலியூரித்தேன் நுரைகளும் விற்பனைக்கு உண்டு. எனினும் அவை சோதிக்கப்பட்ட அளவுக்குட்பட்ட சந்துகளுக்கே பொருந்தும். நிறத்தைக் கொண்டு இவற்றை வேறுபடுத்த இயலாது. உறையில் உள்ள சோதனை விவரத்தைப் பார்ப்பதே வழி. 2025 நவம்பரில் ஹொங்கொங்கின் வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்த தீவிபத்தில், புதுப்பிப்புப் பணிக்காகச் சன்னல்களை மூடியிருந்த நுரைப் பலகைகள் தீ விரைந்து பரவியதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

சோதனையும் தரமதிப்பும்

தீயடைப்பின் தரம் தனிப்பட்ட பொருளுக்கு உரியது அன்று; சுவர், துளை, வடம் அல்லது குழாய், அடைப்புப் பொருள் ஆகியவை சேர்ந்த முழு அமைப்புக்கும் உரியது. ஆகவே செங்கற் சுவரில் செப்புக் குழாயைச் சுற்றிச் சோதிக்கப்பட்ட பசை, ஜிப்சப் பலகைச் சுவரில் நெகிழிக் குழாயைச் சுற்றியும் அதே நேரம் தாங்கும் என்று கொள்ள முடியாது.

சோதனையில், மாதிரிச் சுவர் அல்லது தளம் உலையொன்றின் வாயிலில் பொருத்தப்படுகின்றது. உலையின் வெப்பநிலை ஐ.எசு.ஓ. 834 தரப்படி பின்வருமாறு உயர்த்தப்படும்.

* 5 நிமிடத்தில் 576 பாகை செல்சியஸ்
* 30 நிமிடத்தில் 842 பாகை செல்சியஸ்
* 60 நிமிடத்தில் 945 பாகை செல்சியஸ்
* 120 நிமிடத்தில் 1049 பாகை செல்சியஸ்

அலுமினியத்தின் உருகுநிலை 660 பாகை செல்சியஸ் ஆகும். இவ்வெப்பநிலையை உலை பத்து நிமிடத்துக்குள் எட்டிவிடும். அலுமினியத் தட்டுகளும் வடங்களும் செல்லும் துளைகளுக்குத் தனிக் கவனம் ஏன் தேவை என்பது இதனால் விளங்கும்.

சோதனையில் இரு பண்புகள் முதன்மையாக நோக்கப்படுகின்றன. சுவாலையும் சுடுவளிமமும் மறுபுறம் வராமை முழுமை எனப்படும். மறுபுறத்தின் வெப்பநிலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயராமை வெப்பக்காப்பு எனப்படும். ஒரு புள்ளியில் 180 பாகை செல்சியஸ் உயர்வே இதன் பொதுவான எல்லையாகும். செப்பு வெப்பத்தை நன்கு கடத்துவதால், துளை முழுமையாக அடைபட்டிருந்தும் வடத்தின் மறுமுனை சூடேறி அருகில் உள்ள பொருளைப் பற்றவைக்கக்கூடும். அமெரிக்க முறையில் இவ்விரண்டும் முறையே எஃப் மதிப்பு, டி மதிப்பு என வழங்கும். அங்கு உலைச் சோதனைக்குப் பின் மாதிரியின் மீது நீர்த்தாரையும் பாய்ச்சப்படுகின்றது.

இந்தியத் தர அமைவனம் 1988-இல் தீயடைப்புகளின் சோதனைக்கு ஐ.எஸ். 12458 என்னும் தரத்தையும், மின்வடத் தடங்களின் தீப்பாதுகாப்புக்கு ஐ.எஸ். 12459 என்னும் நடைமுறை விதித்தொகுப்பையும் வெளியிட்டது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில் தீச்சோதனை வசதிகள் உள்ளன.

வரலாறு

துளைகளைச் சாந்தாலும் மணலாலும் மூடுவது பழைய வழக்கமே. எனினும் தீயடைப்பைச் சோதித்துத் தரமிடும் முறை 1970-களில் நிகழ்ந்த விபத்துகளின் பின்னரே உருவானது.

1975 பெப்ரவரி 27 அன்று நியூயார்க் நகரின் இரண்டாவது அவெனியூவில் உள்ள தொலைபேசி நிலையத்தில், நிலத்தடி மின்வட அறையில் தீப்பற்றியது. தீ வடங்களின் வழியே மேல் மாடிகளுக்குச் சென்றது. ஏறத்தாழ 1,70,000 தொலைபேசிகள் மூன்று கிழமைகளுக்கு மேல் செயலிழந்தன.

அடுத்த மாதமே, 1975 மார்ச் 22 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் விபத்து நிகழ்ந்தது. மின்வடங்கள் சுவரைக் கடக்கும் துளை ஒன்றைப் பணியாளர்கள் பாலியூரித்தேன் நுரையால் அடைத்தனர். காற்றுக் கசிகின்றதா என்று அறிய, ஒரு மெழுகுதிரியை அதன் அருகே பிடித்துப் பார்த்தனர். மறுபுறம் அழுத்தம் குறைவாக இருந்ததால் சுவாலை துளைக்குள் இழுக்கப்பட்டு நுரை பற்றிக்கொண்டது. தீ ஏறத்தாழ ஏழு மணிநேரம் எரிந்து, 1,600-க்கும் மேற்பட்ட வடங்களைச் சேதப்படுத்தியது. அணு உலையைக் குளிர்விக்கும் அமைப்புகள் பலவும் இதனால் செயலிழந்தன. அடைப்புக்கென இட்ட பொருளே தீக்குக் காரணமான இந்நிகழ்வு, தீயடைப்புத் துறையின் திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. ஊடுருவல் அடைப்புகளுக்கான அமெரிக்கச் சோதனைத் தரமான ஏ.எஸ்.டி.எம். இ 814 அதன் பின்னர் 1981-இல் வெளியானது.

1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகாஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் 85 பேர் இறந்தனர். தீ கீழ்த்தளத்திலேயே எரிந்தது. இறந்தோரில் பெரும்பாலானோர் மேல்மாடிகளில் இருந்தனர். மின்தூக்கிக் கிணறுகள், படிக்கட்டுகள், கட்டிட இணைப்பு இடைவெளிகள் ஆகியவற்றின் வழியே புகை அவர்களை அடைந்தது.

இந்தியாவில்

1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் சுழலியின் அலகுகள் முறிந்து, ஐதரசன் வளிமம் கசிந்து தீப்பற்றியது. தீ மின்வடங்களின் வழியே பரவியது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை புகுந்ததால் பணியாளர்கள் அதைவிட்டு வெளியேற நேர்ந்தது. நிலையம் ஏறத்தாழ 17 மணிநேரம் மின்சாரமின்றி இருந்தது. கதிர்வீச்சுக் கசிவு ஏற்படவில்லை.

2010 பெப்ரவரி 23 அன்று பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் ஏழு மாடி அலுவலகக் கட்டிடத்தில், மின்வடங்கள் செல்லும் செங்குத்துச் செல்வழியில் தீப்பற்றியது. தீயைவிடப் புகையே பெருங்கேடு விளைவித்தது. அது செல்வழி வழியே மேல்மாடிகளை நிறைத்தது. மூச்சுத்திணறியும் சன்னல்களிலிருந்து குதித்தும் 9 பேர் இறந்தனர். உறவினரை இழந்தோர் இவ்விபத்தின் பின் தொடங்கிய 'பியாண்ட் கார்ல்டன்' என்னும் அமைப்பு தீப்பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக இயங்கி வருகின்றது.

2011 திசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில், அடித்தளத்தில் தோன்றிய தீயின் புகை மேல்மாடிகளில் படுத்திருந்த நோயாளிகளை அடைந்தது. ஏறத்தாழ 90 பேர் இறந்தனர்.

தமிழ்நாட்டில், அந்நாளில் சென்னையின் மிக உயரமான கட்டிடமாக விளங்கிய அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடம் 1975 சூலையில் தீயால் பெருஞ்சேதமுற்றது. 2017 மே 31 அதிகாலையில் தியாகராய நகரின் சென்னை சில்க்ஸ் கட்டிடத்தின் கீழ்ப்பகுதியில் தோன்றிய தீ மாடி மாடியாக மேலேறி ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழ, எஞ்சியதும் பின்னர் இடிக்கப்பட்டது.

விதிகள்

இந்தியத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு முதலில் 1970-இல் வெளியாகி, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பு பற்றியது. மின்வடங்களுக்கும் அவை கடக்கும் சுவர் அல்லது தளத்துக்கும் இடையே உள்ள வெளி, 120 நிமிடத்துக்குக் குறையாது தீயைத் தாங்கும் பொருளால் நிரப்பப்பட வேண்டும் என 2016 பதிப்புக் கூறுகின்றது. இவ்விதித்தொகுப்புப் பரிந்துரையே ஆகும். மாநிலங்களின் கட்டிட விதிகள் வழியாகவே அது நடைமுறைக்கு வருகின்றது. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வெளியிடப்பட்டன. உயரமான கட்டிடங்களுக்குத் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் சான்றும் தேவைப்படுகின்றது.

இருங்காட்டுக்கோட்டை–ஒரகடம் தொழிற்பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னர் அமைந்துள்ளது இருங்காட்டுக்கோட்டை. இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என மகிழுந்து, மின்னணுச் சாதனத் தொழிற்சாலைகள் பரவின. தீயடைப்பு தேவைப்படும் திறப்புகளின் ஏறக்குறைய எல்லா வகைகளையும் இத்தகைய தொழிற்சாலைகளில் காணலாம்.

* மின்பலகை அறை: தொழிலாளர் வழக்கில் 'பேனல் ரூம்'. இங்கிருந்து நூற்றுக்கணக்கான வடங்கள் தளத்தையும் சுவரையும் கடந்து உற்பத்திக் கூடத்துக்குச் செல்கின்றன. மின்வடத் தீயின் முதன்மையான தோற்றுவாயும் பாதையும் இதுவே.
* வண்ணப்பூச்சுக் கூடம்: எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் புழங்கும் இடம். வண்டியின் உடற்பகுதி நகர்பட்டையில் சுவரைக் கடந்து சென்றுகொண்டே இருப்பதால், அத்திறப்பைப் பொருளால் அடைக்க இயலாது. தீயுணர்ந்ததும் தானே இறங்கி மூடும் தீத்தடுப்புக் கதவே அங்குப் பயன்படும்.
* இடையடுக்குப் பலகைச் சுவர்கள்: இரு இரும்புத் தகடுகளுக்கு இடையே நுரை வைத்த பலகைகள் தொழிற்சாலைக் கட்டிடங்களில் மிகுதி. இவற்றில் துளையிடும்போது உள்ளே உள்ள நுரை வெளித்தெரிகின்றது. நுரை பாலியூரித்தேன் ஆயின், துளையின் விளிம்பே தீப்பற்றும் இடமாகின்றது.
* காற்றுக் குழல்கள்: மின்னணுத் தொழிற்சாலைகளின் தூய அறைகளுக்குப் பெரிய குழல்கள் தேவை. குழலைச் சுற்றிய சந்தைத் தீயடைப்பு மூடும். குழலின் உள்வழியை மூடத் தீத்தடுப்பு மடல்கள் தனியே வேண்டும்.

இப்பகுதியில் தொழிலாளர் விடுதிகளும் பெருகியுள்ளன. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய, 13 தொகுதிகள் கொண்ட விடுதி வளாகம் திறக்கப்பட்டது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர் உள்ள கட்டிடங்களில் எந்நேரமும் ஒரு பகுதியினர் உறக்கத்தில் இருப்பர். அத்தகைய இடங்களில் புகை மாடியேறாது தடுப்பது உற்பத்தி இழப்பைத் தவிர்ப்பதைவிட முதன்மையானது.

மாற்றங்களின்போது ஏற்படும் திறப்புகள்

தொழிற்சாலை ஒருமுறை கட்டி முடிவதில்லை. புதிய மாதிரி வரும்போதெல்லாம் உற்பத்தி வரிசை மாற்றப்படுகின்றது. இயந்திர மனிதக் கருவிகளும், கண்காணிப்புக் கருவிகளும், கணினி வலை வடங்களும் சேர்க்கப்படுகின்றன. சில வேளைகளில் நிறுவனமே மாறுகின்றது. எடுத்துக்காட்டாக, 2006-இல் தொடங்கிய திருப்பெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. பின்னர் அவ்விடத்தைச் சால்காம்ப் நிறுவனம் பெற்றுக்கொண்டது. எந்தத் தொழிற்பகுதியிலும் இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் பழைய வடங்களை அகற்றுவதையும் புதியவற்றை இழுப்பதையும் வேண்டுகின்றது.

தீயடைப்புப் பழுதுபடுவது பெரும்பாலும் இத்தருணத்திலேயே ஆகும். சுவரைக் கட்டுபவர் ஒருவர், துளையிடுபவர் மற்றொருவர், வடம் இழுப்பவர் வேறொருவர், குளிர்காற்றுக் குழல் அமைப்பவர் இன்னொருவர். ஒவ்வொருவரும் தம் வேலையை முடித்துச் சென்ற பின், துளையை மூடுவது எவருடைய ஒப்பந்தத்திலும் இல்லாது போகின்றது. பொய்க்கூரைக்கு மேலும், தளத்துக்குக் கீழும் இருப்பதால் அது கண்ணுக்கும் தெரிவதில்லை. கட்டிடம் திறக்கப்பட்டபோது பெற்ற சான்று, பின்னர் இழுக்கப்பட்ட ஒற்றை வடத்துக்காக உடைக்கப்பட்ட அடைப்பைப் பற்றி எதுவும் கூறாது.

பராமரிப்பு

இக்குறையைத் தவிர்க்கப் பின்வரும் நடைமுறைகள் கையாளப்படுகின்றன.

* தீத்தடுப்புச் சுவரிலும் தளத்திலும் உள்ள ஒவ்வொரு திறப்புக்கும் எண் இட்டு, வரைபடத்திலும் பதிவேட்டிலும் குறித்தல்.
* அடைப்பின் அருகே பொருளின் பெயர், தாங்கும் நேரம், பொருத்திய நாள், பொருத்தியவர் ஆகிய விவரங்களைக் கொண்ட சீட்டு ஒட்டுதல்.
* அடைப்பை உடைக்கும் எந்த வேலைக்கும் பணி அனுமதிச் சீட்டு வழங்குதல். அடைப்பு மீண்டும் மூடப்பட்டதைப் பார்த்த பின்னரே அச்சீட்டை முடித்தல்.
* வேலை பல நாட்கள் நீடித்தால், ஒவ்வொரு நாள் முடிவிலும் தலையணைகளால் தற்காலிகமாக மூடுதல்.
* பொய்க்கூரைப் பலகைகளை அகற்றி ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்வையிடுதல். எலி குடைந்த இடங்கள், வெடிப்புகள், நீர் ஊறிய கம்பளி, வெற்றுத் துளைகள் ஆகியவை கவனிக்க வேண்டியவை.
* வடம் இழுக்கும் ஒப்பந்தத்திலேயே அடைப்புக்கான பொருளையும் கூலியையும் சேர்த்தல்.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. அடுத்த அறையில் விளக்கை ஏற்றிவிட்டு இந்த அறையை இருளாக்கினால், மூடப்படாத சந்துகளில் ஒளி தெரியும். இது முதற்கட்டப் பார்வைக்கு மட்டுமே உதவும். ஒளி புகாத இடத்திலும் தகாத பொருள் அடைக்கப்பட்டிருக்கலாம். பிரவுன்ஸ் ஃபெரியில் செய்ததுபோல் சுவாலையைக் கொண்டு சோதிப்பது எக்காரணம் கொண்டும் தகாது.

வரம்புகள்

தீயடைப்பு தீயை அணைப்பதில்லை. குறிப்பிட்ட நேரம் தாமதப்படுத்துகின்றது. தீக்கதவை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தாலோ, கட்டிடத்தின் வெளிமுகப்பு எரியும் பொருளால் ஆனாலோ உட்புறத் துளைகளை அடைப்பதால் மட்டும் பயன் இராது. 2017 சூன் 14 அன்று இலண்டனில் 72 பேர் இறந்த கிரென்ஃபெல் டவர் தீவிபத்தில், தீ வெளிமுகப்பின் வழியே மேலேறியது. முகப்புக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தை மறிக்க வேண்டிய தடுப்புகள் பல இடங்களில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தமை பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. வெளியேறும் வழி, எச்சரிக்கை மணி, நீர்த்தெளிப்பான், பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆகியவற்றோடு சேர்ந்தே தீயடைப்பு பயன் தருகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* தீயணைப்பான்
* தீக்கதவு
* ஜிப்சம்
* கிராபைட்டு
* இருங்காட்டுக்கோட்டை